புகை சொல்லும் சேதி: பழைய ஜீப்பும் அதன் புகைக்குழலும்

மலைப்பாதையில் ஏறிவரும் பழைய ஜீப்பைக் கண்ணால் காண்பதற்கு இரண்டு வளைவுகள் முன்பே நாம் காதால் கேட்டுவிடுகிறோம். அந்தச் சத்தத்தை வண்டியின் வலிமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் பழகியிருக்கிறோம். ஆனால் அதில் ஒரு பங்கு பல வேளைகளில் கோளாறின் குரலாக இருக்கும். எஞ்சினிலிருந்து பின்புறக் குழாய்முனை வரை மூடிய வழியில் செல்லவேண்டிய புகை, நடுவில் எங்கோ ஒரு விரிசலில் வழிதப்பி வெளியேறுகிறது என்பதே அக்குரலின் பொருள். பட்டறைகளில் இதனைச் ‘சைலன்சர் லீக்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். சத்தம் பொறுக்கமுடியாமல் போகும் வரை அது பழுதாகவே கணக்கில் வருவதில்லை.

இந்தச் சிறு பழுதுக்குள் இரண்டு வரலாறுகள் சந்திக்கின்றன. ஒன்று, குறுகிய காலப் போர்ப்பணிக்காகச் செய்யப்பட்டு, எவரும் எதிர்பாராத அளவு நீண்ட ஆயுளைப் பெற்றுவிட்ட ஒரு வண்டியின் வரலாறு. மற்றொன்று, நிறமும் மணமும் இல்லாத ஒரு நஞ்சை மனிதர்கள் அடையாளம் கண்டுகொண்ட வரலாறு. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பட்டறையில் ஒரு மெக்கானிக் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்பதன் பொருள் நமக்கு விளங்கும்.

போருக்குப் பிறந்த வண்டி

1940-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க ராணுவம் இலகுவான நான்குசக்கர இயக்க வண்டி ஒன்றுக்காக 135 நிறுவனங்களிடம் திட்டம் கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த தவணை 49 நாட்கள். பென்சில்வேனியாவின் பேண்டம் என்ற சிறிய நிறுவனம் அந்தத் தவணைக்குள், அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி, மேரிலாந்தில் இருந்த ஹோலபேர்ட் முகாமில் தன் மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. வடிவமைத்தவர் கார்ல் ப்ராப்ஸ்ட். ஆனால் பெரும் எண்ணிக்கையில் செய்யும் வாய்ப்பு வில்லிஸ் ஓவர்லேண்டு நிறுவனத்துக்கும், பின்னர் ஃபோர்டுக்கும் சென்றது. போர் முடிவதற்குள் இவ்விரு நிறுவனங்களும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து முடித்திருந்தன.

வில்லிஸ் முந்தியதற்கு அதன் எஞ்சினே முதன்மைக் காரணம். 48 குதிரைத்திறனோடு இருந்த பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பார்னி ரூஸ் என்ற பொறியாளர் சீர்திருத்தி 60 குதிரைத்திறனுக்கு உயர்த்தியிருந்தார். 2.2 லிட்டர் கொள்ளளவு கொண்ட அந்த எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் ஒரே பக்கத்தில், சிலிண்டர் கட்டையிலேயே அமைந்திருந்தன. ஆகவே காற்றை உள்ளே கொண்டுவரும் கிளைக்குழலும் புகையை வெளியே கொண்டுசெல்லும் கிளைக்குழலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டப்பட்டன. இந்தக் கிளைக்குழலைத்தான் மேனிஃபோல்ட் என்கிறோம். புகையின் வெப்பத்தால் பெட்ரோல் எளிதில் ஆவியாகட்டும் என்ற கணக்கும் இந்த ஏற்பாட்டில் இருந்தது. குளிர்நாட்டுக் காலைப்பொழுதுகளுக்கு அது நல்ல கணக்கு. ஆனால் ஒன்று குளிர்ந்தும் மற்றொன்று கொதித்தும் இருக்கும் இரண்டு வார்ப்பிரும்புத் துண்டுகளை ஒரே வரிசை நட்டுகளில் பிணைத்துவைத்தால், நாளடைவில் அவை ஒன்றையொன்று இழுத்துப் பிரியப் பார்க்கும். 1953-இல் வெளிவந்த சிஜே 3பி வகையில் காற்று வால்வு மேலே தலைப்பகுதிக்குச் சென்றது. அந்த ஜீப்பின் முகப்பு மூடி உயரமாக இருப்பது அதனால்தான். புகை வால்வோ பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

போர்க்களத்து ஜீப்பை எவரும் அரை நூற்றாண்டுக்கு எனத் திட்டமிட்டுச் செய்யவில்லை. சில ஆண்டுகள் ஓடினால் போதும், பழுதானால் பாகத்தை மாற்றலாம், இயலாவிட்டால் வண்டியையே மாற்றலாம் என்பதே அன்றைய நிலை. அதன் பிற்கால வாழ்வு வேறு நாடுகளில், வேறு கைகளில் நடந்தது.

மலைகளுக்கு வந்த வண்டி

1945-இல் இரும்பு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்ட ‘மஹிந்திரா அண்டு முகமது’ நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவரான குலாம் முகமது, பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என மாறியது. 1940-களின் இறுதியிலேயே அந்நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் சிஜே 3பி உற்பத்தி 1968-இல் நின்றது. இந்தியாவிலோ அதன் வழிவந்த வண்டிகள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் உருவாயின. பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்துக்கு டீசல் எஞ்சின்கள் வந்தன. பிரான்சின் பெஜோ நிறுவன வடிவிலான டீசல் எஞ்சினோடு வந்த எம்எம் 540 வகையை மலைப்பகுதிகளில் அறியாதவர் குறைவு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த வண்டிகள் வாழ்வோடு பின்னிக்கிடக்கின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் கல்பாதையில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி பயன்படாது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்காக இடுக்கி மலைக்குப் போகும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழிகளில் ஜீப்புகளில் நெருக்கியடித்துச் செல்கிறார்கள். குளிருக்கும் மழைக்கும் அஞ்சிப் பக்கத் தார்ப்பாய்கள் இறக்கிவிடப்படுகின்றன. பின்பக்கம் மட்டும் திறந்திருக்கும். ஓடும் வண்டியின் முதுகுப்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால் குழாய்முனையில் வெளியேறும் புகையின் ஒரு பகுதி அந்தத் திறப்பு வழியாக உள்ளேயே இழுக்கப்படும். அடியில் குழாய் ஓட்டையாகவும் இருந்தால், தரைத்தகட்டின் துளைகள் இன்னொரு வழியாகும்.

ஏற்றத்தில் குறைந்த கியரில் எஞ்சின் முழுச்சுமையோடு இழுக்கிறது. வண்டியோ நடைவேகத்தில் ஊர்கிறது. புகை மிகுதி, அதை அடித்துச்செல்லும் எதிர்க்காற்றோ குறைவு. அப்போது வரும் தலைவலிக்கும் குமட்டலுக்கும் வளைவுகளையும் வெறும் வயிற்றையும் காரணமாகச் சொல்லிவிடுவது எளிது.

மணமில்லாத நஞ்சு

அடுப்புக்கரிப் புகை ஆளைக் கொல்லும் என்பது பழங்காலந்தொட்டே தெரிந்த செய்தி. அப்புகையில் கொல்வது எது என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1842-இல் பிரெஞ்சு வேதியியலர் ஃபெலிக்ஸ் லெப்லாங்க், அது கார்பன் மோனாக்சைடே என்று காட்டினார். அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிளாட் பெர்னார், இந்த வாயு இரத்தத்தில் ஆக்சிஜன் அமரும் இடத்தைப் பறித்துக்கொள்கிறது என்று கண்டறிந்தார். இரத்தத்தின் சிவப்பணுக்களை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றுகிறது. ஆகவே காற்றில் சிறிதளவே இருந்தாலும் மெல்ல மெல்ல இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். மூச்சு திணறாது, இருமல் வராது. முதலில் தலைவலி, பிறகு தள்ளாட்டம், அதன்பின் உறக்கம்.

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து உடலியலர் இந்தப் படிநிலைகளைத் தம் உடம்பிலேயே சோதித்து 1895-இல் வெளியிட்டார். தம் இரத்தத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு நஞ்சேறும் வரை அவர் அந்த வாயுவைச் சுவாசித்திருக்கிறார். 1896-இல் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் இறந்தவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது வெடியன்று, வெடிக்குப்பின் பரவிய இந்த வாயுவே என்பதை நிறுவினார். சிற்றுயிர்களுக்கு மூச்சோட்டம் விரைவு, நஞ்சும் விரைவில் ஏறும். ஆதலால் மனிதனுக்கு முன்னறிவிப்பாக அவற்றைச் சுரங்கத்துக்குள் எடுத்துச்செல்லலாம் என்பது அவர் சொன்ன வழி. பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1911 முதல் 1986 வரை கேனரிக் குருவிகள் கூண்டோடு இறங்கியது இதன் விளைவு. தன்னைக் காட்டிக்கொள்ளாத ஒன்றுக்கு ஒரு குருவியின் துவளலை அடையாளமாக்கியது அந்த ஏற்பாடு.

சுரங்கத்தின் நஞ்சு சாலைக்கும் உரியது என்பதை மோட்டார் வண்டிகளின் பெருக்கம் உணர்த்தியது. நியூயார்க்கையும் நியூஜெர்சியையும் ஆற்றுக்கு அடியில் இணைக்கும் ஹாலண்டு சுரங்கவழியைத் திட்டமிட்டபோது, ஆயிரக்கணக்கான வண்டிகளின் புகையில் மனிதர் எவ்வளவு நேரம் தாங்குவர் என்ற கேள்வி எழுந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டல் ஹெண்டர்சன் குழுவினர் ஆட்களை வைத்தே சோதித்து, பத்தாயிரம் பங்கு காற்றில் நான்கு பங்குக்குமேல் கூடாது என வரம்பு கட்டினார்கள். 1927 நவம்பரில் அந்தச் சுரங்கவழி திறக்கப்பட்டபோது, உள்ளிருக்கும் காற்றை ஒன்றரை நிமிடத்துக்கொருமுறை மாற்ற 84 பெரும் விசிறிகள் சுழன்றன. பழைய கார்புரேட்டர் எஞ்சினின் புகையிலோ, சீராக இல்லாத நிலையில், நூற்றுக்குச் சில பங்கு கார்பன் மோனாக்சைடு இருக்கும். அந்த வரம்பையும் இந்த அளவையும் அருகருகே வைத்துப்பார்த்தால், விரிசல் விட்ட ஒரு குழாய் எத்தகைய பொருள் என்பது புரியும். டீசல் எஞ்சினில் இந்த வாயு மிகக் குறைவு என்பது உண்மை. ஆயினும் அதன் கரித்துகள் தீங்கற்றதன்று. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

அனுமானம் என்னும் கருவி

தன்னை மறைத்துக்கொள்ளும் ஒன்றை, அதனோடு சேர்ந்துவரும் வேறொன்றைக் கொண்டே ஊகிக்க வேண்டும். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் அளவைநூல் பாடத்தில், மலையில் புகை கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணிவதும், அதற்கு அடுக்களையைச் சான்று காட்டுவதும் எடுத்துக்காட்டாக வருகின்றன. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று மாணவர்களுக்கு அதனை வகுத்துச்சொல்லும் நமக்கு, பட்டறையில் அதே முறை உயிரோடு நடமாடுவதைக் காணும்போது வியப்புண்டாகிறது.

குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் ‘டிக் டிக்’ என்று சீரான ஒலி கேட்கிறது. இது மேனிஃபோல்ட் பக்கத்து ஒழுகலாகவும் இருக்கலாம், வால்வுகளை உந்தும் டேப்பட்டின் தட்டலாகவும் இருக்கலாம். இரண்டும் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குபவை. காது எளிதில் ஏமாறும். கைதேர்ந்தவர் உடனே தீர்ப்புச் சொல்லமாட்டார், எஞ்சின் சூடாகட்டும் என்று காத்திருப்பார். இரும்பு விரிந்து இடுக்கு அடைபட்டு ஒலி மங்கினால் அது பெரும்பாலும் ஒழுகல். சூடான பின்னும் மாறாதிருந்தால் டேப்பட்டைப் பார்க்கவேண்டும். பழைய வில்லிஸ் எஞ்சினில் குளிர்ந்த நிலையில் அதன் இடைவெளி 0.016 அங்குலம். பெட்ரோல் வண்டியானால் அடுத்த சோதனையும் உண்டு. ஸ்பார்க் பிளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தை ஒவ்வொன்றாக நிறுத்திப்பார்க்க, எந்தச் சிலிண்டர் ஓய்ந்ததும் ஒலி தேய்கிறதோ அதன் வாயிலில்தான் விரிசல். உள்ளபோது உண்மையும் இல்லாதபோது இன்மையும் காட்டி நிறுவும் இம்முறைக்கு நம் அளவைநூல்கள் அன்னுவயம், வெதிரேகம் என்று பெயரிட்டிருக்கின்றன.

பிறகு கண்ணின் முறை. புகை கசிந்த இடத்தில் கரி படிந்து கறுத்த விசிறிபோல் பரவியிருக்கும். மேனிஃபோல்ட் எஞ்சினோடு சேரும் வரிசை, அதற்குக் கீழே குழாய் பூட்டப்படும் வாய், பழைய வில்லிஸ் வகையில் வெப்பத்தை மாற்றிவிடும் சிறு தகட்டின் அச்சு, குழாய் வளைவுகள், சைலன்சரின் தையல், தொங்குபட்டைகள் என்று முன்னிருந்து பின்னாகப் பார்த்துவரவேண்டும். சைலன்சரைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், நல்ல தகடு கணீரென்றும் துருவேறியது மொத்தென்றும் விடை சொல்லும். எளிதில் புலப்படாத ஒழுகலுக்கு, எஞ்சின் நின்று குளிர்ந்திருக்கையில் குழாய்முனை வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சோப்பு நீரைப் பூசிப்பார்க்கலாம். பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி பார்க்கும் முறைதான் இது. எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் சோதனைகளெல்லாம் திறந்தவெளியில் நடக்கவேண்டும். கூரையும் கதவும் உள்ள கொட்டகையில் ஒழுகலைத் தேடப்போனவரே அதற்கு இரையாவார்.

பழுதும் அதன் வேரும்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாய்ப் போய்விடும். குறுகிய ஓட்டத்தில் சைலன்சருக்குள்ளேயே தங்கி, புகையின் அமிலத்தோடு கூடி, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே சல்லடையாகும். அத்தகைய தகட்டில் ஒட்டுப்போட்டு வெல்டிங் வைத்தால், பற்றவைத்த விளிம்பை ஒட்டியே அடுத்த ஓட்டை விழும். தகட்டில் உயிர் இருந்தால் ஒட்டு, இல்லையேல் புதிது. இதில் சிக்கனம் பார்ப்பது வீண்.

மேனிஃபோல்டைக் கழற்றுவது பொறுமையின் வேலை. பல்லாண்டு வெப்பத்தில் ஸ்டட்டுகளும் நட்டுகளும் ஒரே இரும்பாகியிருக்கும். வலிந்து திருகினால் ஸ்டட் முறிந்து பாதி எஞ்சினுக்குள் நின்றுவிடும். முதல்நாளே எண்ணெய் ஊற்றி ஊறவிடுவார்கள். மசியாவிட்டால் சூடேற்றி, மரையில் மெழுகுத்துண்டை வைப்பார்கள். உருகிய மெழுகு இடுக்கெல்லாம் ஓடிப் பிடிப்பைத் தளர்த்தும். கழற்றிய மேனிஃபோல்டின் முகம் சமமாக இருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்கவேண்டும். கோணியிருந்தால் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சமன்செய்யாமல் புதுப் பேக்கிங் வைப்பது, சில வாரங்களுக்கு மட்டும் மௌனத்தை விலைக்கு வாங்குவதாகும். விரிசல் விட்ட வார்ப்பிரும்பைப் பற்றவைப்பதென்றால் முன்னதாகச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் சிறிது சிறிதாக வைத்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடவேண்டும். விரைந்து குளிர்ந்தால் மறுபடியும் வெடிக்கும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும் இடத்தில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பகை இருக்கிறது. அக்காலப் பேக்கிங்குகள் பெரும்பாலும் கல்நாரால் ஆனவை. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துக்கூடப் புற்றாக வெளிப்படும். நீர் தெளித்து நனைத்துச் சுரண்டவேண்டும். தூளைக் காற்றடித்து ஊதவே கூடாது. புதிதாக வைக்கக் கிராஃபைட் பேக்கிங்குகள் கிடைக்கின்றன. பூட்டும்போது பழைய வில்லிஸ் வகையில் காற்றுக்குழல், புகைக்குழல் இரண்டையும் ஒன்றோடொன்று விரல் இறுக்கத்தில் விட்டு, முதலில் எஞ்சினோடு நடுவிலிருந்து ஓரங்களுக்காகப் படிப்படியாக இறுக்கி, இறுதியிலேயே அவ்விரண்டையும் பிணைக்கும் போல்ட்டுகளை முடுக்கவேண்டும். வரிசை மாறினால் இரண்டில் ஒன்று வெடிக்கும். வண்டியை ஓட்டிச் சூடேற்றி, ஆறியபின் ஒருமுறை நட்டுகளைச் சரிபார்ப்பதோடுதான் வேலை முடிகிறது.

முடிந்தும் அதே இடத்தில் மறுபடி விரிசல் வருமானால், குற்றம் அந்த இடத்தில் இல்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் நைந்திருந்தால் எஞ்சின் ஆடும். ஆட்டமெல்லாம் குழாயில் வந்து இறங்கும். அவற்றை மாற்றாமல் குழாயை மட்டும் பற்றவைப்பவர் விளைவுக்கு மருந்திட்டுக் காரணத்தை வளர்க்கிறார். கிளட்ச், பிரேக் மிதிகள் இறங்கும் தரைத்துளைகளின் ரப்பர் உறைகளைப் புதுப்பிப்பதும், குழாய்முனை வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தப் பழுதுபார்ப்பின் உறுப்புகளே.

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் காதிலும் விரல்நுனியிலும் இருப்பது. புதிய வண்டிகளில் உணரிகளும் எச்சரிக்கை விளக்குகளும் வந்துவிட்டபின், தலையைச் சாய்த்துக் கேட்கும் அந்தப் பழக்கத்தைக் கற்க வருவோர் குறைந்துவருகிறார்கள். பழைய ஜீப்புகளோ இன்னும் மலையேறிக்கொண்டிருக்கின்றன. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவருக்கு ஜன்னல் காற்று உண்டு. தார்ப்பாய்க்குள் பின்னிருக்கையில் அமர்ந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு விளக்கும் இல்லை, குருவியும் இல்லை. வண்டி போடும் சத்தம் ஒன்றே அவர்களுக்கான முன்னறிவிப்பு. அதைக் காதில் வாங்கி, வண்டியை நிறுத்திக் குனிந்து பார்க்கவேண்டியவர்கள் முன்னால் இருப்பவர்கள்தான்.